சிங்கப்பூர் இன்ஜின்

போன சனிக்கிழமை கிளேபாங் கடற்கரை ரோட்டில் என் ஸ்போர்ட்ஸ் கார் நின்றுவிட்டது. நடு ரோட்டில், நல்ல வெயிலில்.

எந்தக் கார் என்று கேட்கமாட்டீர்கள். சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரையிடம் நான் வாங்கிய, கூரை மடக்குகிற பழைய இரண்டு சீட் வண்டி. இதே பத்திரிகைப் பத்தியில் அதைப் பற்றி எத்தனை வாரம் அளந்திருக்கிறேன்... ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்து, காஜா பேராங்கில் மெக்கானிக் காசிம் பாய் வேலை செய்யும் பட்டறை வாசலில் விட்டுப் போனார். பாய் வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. குனிந்து அடியில் மட்டும் பார்த்தார்.

“கியர் பாக்ஸ்ல சொட்டு எண்ணெய் இல்ல. பல்லெல்லாம் போயிருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ கொண்டாங்கன்னு சொன்னேனே, கிராணியாரே?”

சொன்னார்தான். இந்தக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, நான்தான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

துரையிடம் வாங்கியபோது அந்த வண்டியின் இன்ஜின் செத்துப்போயிருந்தது. பழைய கியர் பாக்ஸோ, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சத்தம் போட்டுத் தெருவையே கூட்டும். அந்தச் சமயம், கவிழ்ந்து நசுங்கிய ஒரு புத்தம்புது கார் பட்டறைக்கு வந்தது. அதன் இன்ஜினும் கியர் பாக்ஸும் தப்பியிருந்தன. “இதைத் தூக்கி அதுல வெச்சிருவோம்” என்றார் பாய்.

சொல்வது சுலபம். ஐந்து மாதம் ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை. இன்ஜினைத் தாங்கும் இரும்பை வெட்டி, வேறு அடித்து, மறுபடி வெட்டினார். கியர் பாக்ஸ் உட்காரவில்லை என்று தரைத் தகட்டைப் பிளந்து மேடாக்கினார். பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு நீளம். அதைச் சீனர் லேத் பட்டறைக்குத் தோளில் சுமந்துபோய் அறுத்துக் குட்டையாக்கிக் கொண்டுவந்தார். கியர் பாக்ஸோடு சேர்த்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் கசியும், அடிக்கடி பார்க்கவேண்டும் என்றார்.

கூலி வேண்டாம் என்றார். கேட்டது ஒன்றே ஒன்று.

“ஒங்க ஆபீஸ் பெரிய கிராணியார்கிட்ட என் பேரச் சொல்லுங்க. ஆபீஸ் காடி ரெண்டு எங்கிட்ட வந்தாப் போதும். சொந்தமா கடை போட்டுருவேன்.”

பிறகு மெர்டேக்கா, சுதந்திர நாள், வந்தது. ஊர்வலத்தில் என் கார் கொடி கட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. முடிந்ததும் எங்கள் பெரிய கிராணியார் பொன்னையா பானெட்டைத் திறக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். லேசில் எதையும் மெச்சாதவர். நெடுநேரம் பார்த்தார்.

“சிங்கப்பூர் வேலை போலக் கிடக்கு. வெள்ளைக்கார இன்ஜினியரோ?”

சுற்றிலும் ஆட்கள். நான் என்ன செய்திருக்கவேண்டும்? இரண்டடி தள்ளி, சலவைச் சட்டையில், காசிம் பாய் நின்றுகொண்டிருந்தார். கையைக் காட்டினால் போதும்.

நான் தலையாட்டினேன். ஆட்டியதோடு விட்டேனா? “ஆமாம் சார், ஒரு மாதம் அங்கேயே விட்டிருந்தேன்” என்று சேர்த்துக்கொண்டேன். நாங்களெல்லாம் விடுதலை பெற்ற அதே நாளில்.

பாய் கையிலிருந்த துணியால் பானெட்டை ஒருமுறை துடைத்துவிட்டுப் போய்விட்டார். ஆபீஸ் வண்டிகள் வேறு பட்டறைக்குப் போயின. பாய் இன்னும் அடுத்தவர் பட்டறையில்தான் வேலை செய்கிறார்.

“பாய், எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் வரல” என்றேன் போன சனிக்கிழமை, பட்டறை வாசலில்.

“இருக்கட்டும். ஆனா இத நான் தொடமுடியாது. சிங்கப்பூர் வேலையில கை வெச்சு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, காசிம்தான் கெடுத்தான்னு சொல்வாங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்காக, பொறுமையாக, ஒரு தொழில்காரர் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

திங்கட்கிழமை ஆபீஸ் போன கையோடு பெரிய கிராணியார் மேசை முன் நின்றேன். கார் நின்றுபோனதைச் சொன்னேன். நான் எண்ணெய் பார்க்காததைச் சொன்னேன். சிங்கப்பூர் என்பது பொய், அத்தனையும் காஜா பேராங் காசிம் பாய் கைவேலை என்று, ஒரு வருடம் தாமதமாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

பொன்னையா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓ... உள்ளூர் ஆளோ? அதுதானே பாத்தன். அதுதான் நிண்டிட்டுது.”

அவரைத் திட்ட வாய் வரவில்லை எனக்கு... அந்தப் பாடத்தை அவருக்கு நடத்தியவனே நான்தானே.