நான் வரவழைத்த யுத்தம்

என் சித்தி எழுதிக்கொண்டிருந்த கதையில், அவளுக்குத் தெரியாமல் ஒரு அத்தியாயத்தை நான் எழுதிச் சேர்த்தேன். அதில் அவளுடைய கதாநாயகனைக் கொன்றேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சின்ன வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இத்தனை வருடங்களில் என்னால் முடியவில்லை.

பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டிடத்துக்கென்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. மாதம் ஒரே ஒரு பிரதி. ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். எழுதத் தாள் கிடைப்பதே பாடு. பத்திரிகையில் வரும் தன் தொடர்கதையைச் சித்தி பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் அதை மையால் நகல் எடுக்கும் வேலை எனக்கு.

சித்தப்பா பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போயிருந்தார். அதனால் சித்தி எங்களோடு இருந்தாள். காலையில் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே இறங்குவாள்.

அவள் கதையைப் போல் ஒன்றை நான் அதற்குப் பிறகு படித்ததில்லை. ஒரு மலைக்கோட்டை. ஆற்றுக்கு அக்கரையில் எதிரிப் படை பாளையம் இறங்கியிருக்கிறது. கோட்டை வாசலில் ஓர் இளம் தளபதி காவல் நிற்கிறான். உள்ளே ஒரு மந்திரக்காரி. படை ஆற்றைக் கடக்கப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஒரு மந்திரம் போட்டுத் தடுப்பாள். ஒவ்வொரு மந்திரத்துக்கும் தன் நினைவிலிருந்து ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். மூடுபனியை வரவழைக்கத் தன் ஊரின் பெயரைக் கொடுத்தாள். ஆற்றைத் திசை திருப்ப அம்மாவின் முகத்தைக் கொடுத்தாள். ஆபீஸிலிருந்து வரும் மாமாக்கள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படிப்பார்கள்.

ஆனால் யுத்தம் மட்டும் வரவே இல்லை. மாதத்துக்கு மாதம் தள்ளிக்கொண்டே போனது.

"உங்க சித்தி கதையிலே லடாயியே கிடையாதாடா? வெறும் பனியும் தண்ணியும்தானா?" என்று பக்கத்து பிளாக் பையன்கள் கேலி செய்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மாத நகலோடு மூன்று பக்கம் சொந்தமாக எழுதித் தைத்துவிட்டேன். படை ஆற்றைக் கடந்தது. தளபதி நெஞ்சில் ஈட்டி வாங்கி, வாசலிலேயே விழுந்து செத்தான். கதாநாயகன் சாவதைவிட உயர்ந்தது எதுவும் எங்களுக்கு அப்போது தெரியாது.

மேல்மாடி மாமி சித்தியை மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, அந்தப் பிள்ளையைப் போய்க் கொன்னுட்டியே. நேக்கு ராத்திரி சாதமே இறங்கலை."

சித்தி அங்கேயே பத்திரிகையை வாங்கி, கறிகாய்ப் பையைக் கீழே வைக்காமல் படித்தாள். வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அடி விழும் என்று காத்திருந்தேன்.

"நன்னாத்தான் எழுதியிருக்கே," என்றாள். பிறகு, "ரொம்ப வலிச்சிருக்குமோடா?" என்று கேட்டாள்.

"இல்லை சித்தி. உடனே செத்துட்டான்," என்றேன்.

அடுத்த மாதம் அவள் என் பக்கங்களைக் கிழித்தெறியவில்லை. அவற்றிலிருந்தே தொடர்ந்தாள். வாசலில் விழுந்து கிடந்தது வைக்கோல் பொம்மை. மந்திரக்காரி தன்னிடம் மீதி இருந்த ஒரே நினைவையும் கொடுத்து அதற்கு உருவம் தந்திருந்தாள். உண்மைத் தளபதி சண்டையில் வழி தவறிக் காட்டுக்குள் போய்விட்டான். இப்போது வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறான். அசந்து போனேன். என் மூன்று பக்கங்களை யாரும் அப்படி மீட்டிருக்க முடியாது.

அதன் பிறகு அவன் நடந்தான், நடந்தான். சத்திரத்தில் படுத்தான், குளத்தில் கால் கழுவினான், மறுபடி நடந்தான். "எப்போடி ஆத்துக்கு வருவான்?" என்று மாமிகளே அலுத்துக்கொண்டார்கள். என் தப்பை மறைக்கத்தான் சித்தி இப்படிக் கஷ்டப்படுகிறாள் என்று எனக்குப் பட்டது. அதற்குப் பரிகாரமாக வீடு வீடாகக் கதவைத் தட்டி, கொன்றது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சிரித்துக்கொண்டே கையில் முறுக்கு கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் சித்தி எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லார் ஆத்துலயும் சொல்லிட்டேன் சித்தி. எனக்காக நீ அவனை இழுத்துண்டு போக வேண்டாம். செத்தவன் செத்ததாவே இருக்கட்டும்."

சித்தி என்னைப் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். "சரிடா," என்றாள். அதற்கு மேல் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

பர்மாவிலிருந்து கடிதம் வருவது அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டிருந்தது என்பதை அம்மா பல வருடங்கள் கழித்துத்தான் சொன்னாள். சித்தப்பா திரும்பி வரவே இல்லை. சித்தி பென்சிலைக் கீழே வைத்த அன்றிரவு நானோ, செய்த தப்பை ஒருவழியாகச் சரிசெய்துவிட்ட திருப்தியில், நிம்மதியாகத் தூங்கினேன்.