ஜெயக்குமாரின் வலது கை

சம்பந்தத்துக்குக் கண் என்றால் அப்படிக் கண். தறியில் நாலாயிரம் இழையில் ஒன்று அறுந்தாலும் ஓடும் நாடாவை நிறுத்தித் தறியை நிப்பாட்டிவிடுவான். அந்தக் கண்ணை நம்பித்தான் ஊர் ஊராக ஃபுட்பால் ஃபைனலுக்கு அவனை ரெஃப்ரியாகக் கூப்பிட்டார்கள். தேசிய ரெஃப்ரி தேர்வுக்குக்கூடக் கடிதம் வந்திருந்தது. ஆரணியில் அதற்குமுன் யாருக்கும் வந்ததில்லை.

1997 மே மாதம். எங்கள் ஊருக்கும் வேலூருக்கும் ஃபைனல். வெளியூர் ரெஃப்ரி வரவில்லை. "சம்பந்தம் ஊதட்டும், அவரு நாணயஸ்தரு" என்று வேலூர்க்காரர்களே கேட்டார்கள். மடையன், ஒத்துக்கொண்டான். நான் லைன்ஸ்மேன்.

கடைசி நிமிடத்தில், எங்கள் கோலுக்கு முன்னால், எங்கள் தெரு ஜெயக்குமாரின் வலது கையில் பந்து பட்டது. சம்பந்தம் விசில் ஊதிவிட்டு என்னைப் பார்த்தான். பட்டது என்றால் நான் கொடியைத் தூக்க வேண்டும். பட்டதை நானும் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஊரே நின்றது. குனிந்து பூட்ஸ் லேஸைக் கட்டினேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

அவன் பெனால்டி கொடுத்தான். தோற்றோம்.

மறுநாளிலிருந்து அவன் தலை தெரிந்தால் விசில். தறியில் உட்கார்ந்தால் ஜன்னலில் விசில். அவன் மனைவி திலகவதி குழாயடிக்குப் போனால், "வேலூர்க்காரன் எவ்ளோ குட்த்தான்?" என்று கேட்டார்கள். தேசியத் தேர்வில் விசிலை வாயில் வைத்தபடியே நின்றானாம், ஊதவே இல்லையாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். தறியிலும் அதே கதை. "திலகா, இந்த இழை அறுந்துகீதா? நல்லா பாத்து சொல்லு" என்று நாளெல்லாம் கூப்பிடுவான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். முதலாளி நெய்வதற்குப் பாவு நூல் தருவதை நிறுத்தினார்.

ஐந்து வருடம் இப்படியே போனது. பிறகு தெருக் கூட்டத்தில் பேசி முடித்தார்கள்: சம்பந்தம் வெற்றிலைத் தட்டு வைத்து ஜெயக்குமார் காலில் விழட்டும், அதோடு விட்டுவிடலாம்.

அதற்கு முந்தின நாள் சம்பந்தம் என்னிடம் வந்தான்.

"தங்கவேலு, அவன் கையில பட்டுச்சா, இல்லியா? பட்டுச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கி நான் போவல."

நானும் அதே தெருவில்தானே பிழைக்க வேண்டும்? "எனக்கு சரியா தெரியலப்பா" என்றேன்.

"அப்போ என் கண்ணுதான் பேஜார் பண்ணிகீது" என்றான்.

மறுநாள் கோயில் வாசலில், தட்டோடு விழுந்தான். "பொய்யா ஊதிட்டேங்க, மன்னிச்சுக்கோங்க."

ஜெயக்குமார் சிரித்துக்கொண்டே அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினான். அதே வலது கை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.