பதினைந்தாவது பெயர்

பேய்க் கதைக்குச் சாட்சி கிடைப்பதில்லை. யாரோ யாருக்கோ சொன்னார், அவர் இவருக்குச் சொன்னார் என்றுதான் வரும். இந்தக் கதைக்குச் சாட்சி உண்டு. அதுவும் பொலிஸ் சாட்சி. முத்திரை குத்தி, சார்ஜனின் கையெழுத்தும் வைத்த ஒரு தாள் நாகேஸ்வரி டீச்சரிடம் இன்றும் இருக்கிறது. நம்ப மாட்டேன் என்பவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான்.

நாகேஸ்வரி டீச்சர் வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். எண்ணிக்கையில் பிழை விடுகிற ஆள் இல்லை. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாரணியர் குழுவுக்கும் அவர்தான் பொறுப்பு. குழுவில் பதினான்கு பிள்ளைகள்.

மூன்று வருடமாக அந்தப் பிள்ளைகளின் முகாம் பள்ளிக்கூட மண்டபத்துச் சீமெந்துத் தரையில்தான் நடந்தது. மற்றப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் மலையிலும் ஆற்றங்கரையிலும் கூடாரம் அடித்துவிட்டு வந்து படம் காட்டுவார்கள். இவர்கள் மேசைக்கு மேலே படுக்கை விரிப்பைப் போட்டு அதற்குள் புகுந்துகொண்டு கூடாரம் என்பார்கள். அதைப் பார்க்க டீச்சருக்குத் துக்கம் வரவில்லை, கோபம் வந்தது. 1997ஆம் ஆண்டு மே மாதம் அதிபரிடம் போய், இந்த முறை வெளியில் போகிறோம் என்றார். இந்த யுத்த காலத்தில் எதற்கு வீண் வில்லங்கம் என்று அதிபர் இழுத்தார்.

"காலம் சரிவரட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையள் கிழவியளாகிடுங்கள். ஒரு இரவு வெளியிலை படுத்தால் என்ன?" என்றார் டீச்சர்.

அதிபர் கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரேயோர் இரவு. பொலிஸ், விசாரணை என்று ஏதாவது வந்தால் முகாம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை, குழுவையும் கலைத்துவிட வேண்டியதுதான் என்றார்.

இனி இடம் தேட வேண்டும். கொழும்புக்குக் கிட்டவாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் ஒரே பிடியாக நின்றார்கள். எத்தனை மைல் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எத்தனை சென்றி என்றுதான் கேட்டார்கள். அந்த வருடங்களில் கொழும்புத் தமிழர் தூரத்தை அப்படித்தான் அளந்தார்கள். வழியில் எத்தனை சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையை நீட்ட வேண்டுமோ, அதுதான் தூரம்.

முதலில் ஓர் ஏரிக்கரைத் தோட்டம் பார்த்தார். தோட்டத்துச் சொந்தக்காரர் தொலைபேசியில் இனிக்க இனிக்க ஆங்கிலம் கதைத்தார். பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டதும் கூரை திருத்த வேண்டும் என்றார். வெறும் தோட்டத்துக்கு எங்கே கூரை என்று டீச்சர் கேட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார். அடுத்தது ஒரு கடற்கரை. அங்கே கடற்படைக்காரர் போய்வா என்று கையைக் காட்டிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் தேவாலய மண்டபமொன்று தரத் தயாராக இருந்தார்கள். பெற்றோருக்கு அது நல்ல விருப்பம். ஆனால் அதுவும் சீமெந்துத் தரை.

அப்போதுதான் சவுந்தரநாயகம் என்று ஒரு பழைய மாணவியின் தகப்பன், வத்தளைக்கு அப்பால் தனக்கொரு தென்னந்தோப்பும் பழைய வீடும் சும்மா கிடப்பதாகச் சொன்னார். வாடகையே வேண்டாம் என்றார். வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடைப் பாலத்தையும் சேர்த்து ஐந்தே ஐந்து சென்றி.

டீச்சர் ஒரு பகல் தனியாகப் போய்ப் பார்த்தார். நல்ல இடம். மட்டமான நிலம், கட்டுக்கிணறு, மழை வந்தால் ஓடி ஏறுவதற்கு ஒரு கூடம். தங்கையா என்ற மலையகத்துக் காவல்காரர் கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருந்தார். வாடகைக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் நிற்பதில்லை என்றும், வீடு பூட்டி ஒரு வருடம் என்றும் சொன்னார். குசினிக்கு வெளியே படியில் நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்றும் ஒரு தகரப் பேணியும் கழுவிக் கவிழ்த்திருந்தன. தட்டு ஈரமாக இருந்தது. தங்கையா சாப்பிட்டு வைத்தது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

வேறு இடத்தில் ஓர் இரவு படுக்கிற தமிழர் அந்தப் பகுதிப் பொலிஸில் பெயர் பதிய வேண்டும். பதியாத ஒருவர் அகப்பட்டால், அவரோடு வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். டீச்சர் பதினான்கு பெயரையும் வடிவான எழுத்தில் எழுதி, மேலே பொறுப்பாசிரியர்களாகத் தன் பெயரையும், துணைக்கு வர ஒத்துக்கொண்ட ஹமீமா டீச்சரின் பெயரையும் போட்டார். ஒரு பிரதியைப் பொலிஸில் கொடுத்து, மற்றதில் முத்திரை வாங்கிக்கொண்டார்.

யூன் 14, சனிக்கிழமை. ஐந்து சென்றியிலும் இறங்கி ஏறி, பிற்பகல் மூன்று மணிக்குத் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு கூடாரம் எழும்பியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தென்னையில் இருந்த காகமெல்லாம் பறந்தது. டீச்சருக்கு அன்று போல் சந்தோஷம் வந்ததில்லை.

மாலை 6.15. விசில் ஊதி வரிசையில் நிறுத்தினார். இலக்கம் சொல்லச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று ஓடி, கடைசியில் நின்ற குட்டைப் பிள்ளை பதினான்கு என்றாள்.

பிறகு, மெல்ல... "பதினைந்து."

யார் அந்தப் பகிடி விட்டது என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். தவளைச் சத்தமாக இருக்கும் என்று ஹமீமா டீச்சர் சிரித்தார்.

இரவு 7.40. சோறும் பருப்பும் சொதியும். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுபோனவை பதினாறு சாப்பாட்டுத் தட்டுகள். சாப்பாடு முடிந்து கழுவுவதற்கு அடுக்கியபோது பதினேழு இருந்தன. பதினேழாவது அந்த நசுங்கிய தட்டு. அதில் பருக்கை ஒட்டியிருந்தது. தங்கையாவுக்கு யார் சோறு கொடுத்தது என்று டீச்சர் கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. தங்கையா தன் கொட்டிலில்தான் சமைத்துச் சாப்பிட்டார்.

8.50. மழை தூறத் தொடங்கியது. படுக்கைக்கு முன் மறுபடி இலக்கம். பதினான்கு. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பதினைந்து."

இந்த முறை தவளை இல்லை. அது பிள்ளைக் குரல். ஆனால் பதினான்கு பிள்ளைகளின் குரலையும் டீச்சருக்குத் தெரியும். அது அவற்றில் ஒன்றல்ல.

பயம் வந்தது. அதற்கு மேலே பிடிவாதம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்தது ஒரு சத்தத்துக்குப் பயந்து திரும்பி ஓடவா என்று தன்னையே அதட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் படுக்க அனுப்பினார்.

9.35. கேற்றடியில் ஜீப் வந்து நின்ற சத்தம்.

சார்ஜன் ஒருவர், கூட இரண்டு கான்ஸ்டபிள்கள். பெயர் பதிந்த கூட்டத்தை எண்ணிப் பார்க்க வந்திருந்தார்கள். பிள்ளைகள் மழையில் நனைந்து ஓடிவந்து கூடத்துச் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். மின்சாரம் இல்லை. மேசையில் ஒரு அரிக்கன் லாம்பு. சார்ஜன் ஒவ்வொரு முகத்துக்கும் டோர்ச் அடித்து எண்ணினார். ஒவ்வொரு பிள்ளையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டது.

பன்னிரண்டு...

பதின்மூன்று...

பதினான்கு...

டோர்ச் நிற்கவில்லை. இன்னும் ஓரடி நகர்ந்தது.

அங்கே ஒருத்தி நின்றாள்.

சீருடை இல்லை. சாயம் போன சட்டை. வெறுங்கால். கட்டையாக வெட்டிய மயிர். மற்றவர்கள் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவள் காய்ந்திருந்தாள்.

வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டது. அவள் இமைக்கவில்லை.

தாளில் பதினான்கு, இங்கே பதினைந்து என்றார் சார்ஜன். "மே கவுத?" என்று கேட்டார். இது யார்?

டீச்சர் கையிலிருந்த தன் தாளைப் பார்த்தார். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவார்கள். தன் பதினான்கும் காலையில் பத்திரமாக வீடு போய்ச் சேரும். தெரிந்த பிள்ளை என்று சொன்னாலோ, பதியாத ஆளை ஒளித்துவைத்த குற்றம். எல்லோரும் பொலிஸுக்குப் போக வேண்டி வரலாம். முகாமும் போச்சு, குழுவும் போச்சு.

அவள் தலையைத் திருப்பி டீச்சரைப் பார்த்தாள்.

கெஞ்சவில்லை. வருகிற பதில் இன்னதென்று முன்னமே தெரிந்தவளாகப் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பயத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு அந்தப் பழைய கோபம் எழும்பி வந்தது. எத்தனை சென்றி, எத்தனை தாள், எத்தனை முறை தலை எண்ணுவது...

"அபே லமயா," என்றார். "எங்கட பிள்ளை. நான்தான் பேர் எழுத மறந்தனான். பிழை என்ரை."

சார்ஜன் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு டீச்சருக்குப் பதினான்கும் பதினைந்தும் தெரியாதா என்று சிங்களத்தில் கேட்டார். தெரியும், இவளோடு சேர்த்துப் பதினைந்து, எழுதுங்கள் என்று டீச்சர் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

பெயர் என்ன என்றார் சார்ஜன்.

வரிசைக் கடைசியிலிருந்து பதில் வந்தது.

"அங்கம்மாங்க."

சார்ஜன் டீச்சருடைய தாளை வாங்கி, பதினைந்து என்று போட்டு, சிங்கள எழுத்தில் அந்தப் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார். இனி இப்படி நடந்தால் சும்மா விடமாட்டேன் என்றார். 9.55க்கு ஜீப் போனது.

டீச்சர் திரும்பினார்.

பதினான்கு.

சுவரோரம் வெறும் சுவர்.

"என்னத்துக்கு டீச்சர் பதினஞ்சுன்னு சொன்னீங்க?" என்று ஹமீமா டீச்சர் மெல்லக் கேட்டார். "நானும் எண்ணின. பதினாலு புள்ளையள் தானே நின்ட?"

டீச்சர் தாளை நீட்டினார். ஹமீமா டீச்சர் அந்தச் சிங்கள எழுத்தை இரண்டு முறை வாசித்தார். இரண்டு பேரும் விடியும்வரை லாம்பை அணைக்காமல் கூடாரங்களுக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். பிள்ளைகள் நன்றாக நித்திரை கொண்டார்கள்.

காலை 6.30க்குத் தங்கையா தேங்காய் கொண்டுவந்தார். குசினிப் படியில் கிடப்பது உங்கள் தட்டா என்று டீச்சர் கேட்டார். இல்லை என்றார். அங்கம்மா என்ற பெயரைச் சொன்னதும் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்கம்மான்னு ஒரு புள்ள இருந்துச்சுங்க, டீச்சர். அது சாப்புட்ட தட்டுதான். முன்ன இங்க குடியிருந்தவங்க வேலைக்கு வச்சிருந்தாங்க."

மிச்சத்தை அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வாடகைக்கு இருந்த அந்த வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர். பெரிய உத்தியோகம். பெயர் பதிகிற தாளில் தன் குடும்பத்தின் ஐந்து பெயரை எழுதினார், தங்கையாவின் பெயரையும் எழுதினார். அங்கம்மாவுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை, அதை எடுக்க அலைய வேண்டும், வேலைக்காரப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டார். 95ஆம் ஆண்டு கடைசியில் ஒரு சுற்றிவளைப்பு. அதே கூடத்தில், அதே சுவரோரமாக எல்லோரையும் நிறுத்தி எண்ணினார்கள். தாளில் ஆறு, சுவரில் ஏழு. இது யார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் தனக்குத் தெரியாது என்றார். எங்கிருந்தோ வந்து நிற்கிறது என்றார். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தாய் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூன்று முறை வந்து கேற்றடியில் அழுதுவிட்டுப் போனாளாம். வீட்டுக்காரர் இப்போது கனடாவில்.

"நானும் வாயத் தொறக்கலீங்க," என்றார் தங்கையா. "எம்பேரு லிஸ்டுல இருந்துச்சு. அது போதும்னு நின்னுட்டேன்."

டீச்சர் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. பத்து மணிக்குக் கூடாரங்களைப் பிரித்து, பிள்ளைகளை எண்ணிப் பஸ்ஸில் ஏற்றினார். சரியாகப் பதினான்கு. ஐந்து சென்றியும் ஒரு குறையும் இல்லாமல் கடந்தது. அதிபருக்கு எந்த முறைப்பாடும் வரவில்லை. அடுத்த வருடமும் முகாம் போகலாம் என்றார் அதிபர்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் டீச்சரும் நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.15. வெள்ளவத்தை. பள்ளிக்கூட மைதானம். சுள்ளென்ற வெயில். விசில் ஊதி வரிசையில் நிறுத்தினார். இலக்கம் ஓடியது. குட்டைப் பிள்ளை பதினான்கு என்றாள்.

வெளியே, காலிக்குப் போகும் பெரிய வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

அது ஓய்ந்தது.

"பதினஞ்சுங்க."

குட்டைப் பிள்ளை சடாரென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை அவளுக்கும் கேட்டிருந்தது.

டீச்சருடைய உடம்பு முழுவதும் மயிர் சிலிர்த்தது. ஆனால் எங்கட பிள்ளை என்று சொன்ன வாய் அவருடையது. அதை இனி மாற்றுவதாக இல்லை. குழுவின் பெயர் இடாப்பைத் திறந்தார். பதினான்காவது பெயருக்குக் கீழே அங்கம்மா என்று எழுதினார்.

வத்தளையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஐந்து சென்றி. ஒன்றிலும் அவளை ஒருவரும் மறிக்கவில்லை.