போச்சி இல்லாத மூன்று நாட்கள்

புளித்த பாலும் சூடுபட்ட ரப்பரும் கலந்த ஒரு மணம் எங்கள் குசினியில் மூன்று வருடம் குடியிருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் போத்தலை எங்கள் பக்கத்தில் "போச்சி" என்போம். என் மகள் ஆரணிக்குக் கை, கால், போச்சி என்று மூன்று வகை உறுப்புகள் உண்டென்றும், மூன்றாவதைப் பிடுங்கினால் பிள்ளை பாலையே வெறுத்து, எலும்பு வைக்காமல், பள்ளிக்கூட வாசலையும் காணாமற் போய்விடுவாள் என்றும் நான் மனதார நம்பியிருந்தேன்.

அவளுக்கு மூன்று வயது நிறைந்த மாதம் வீட்டுக்கு வந்த மருத்துவமாது, பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். "முன்பல்லு ரெண்டும் கறுக்கத் தொடங்கீட்டுது. போச்சியை நிப்பாட்டிப் பேணியிலை குடுத்துப் பழக்குங்கோ" என்று தட்டில் கவிழ்த்திருந்த குவளையைக் காட்டினார். "ஓம் ஓம்" என்று தலையாட்டிய நான், அவருடைய ஸ்கூட்டர் ஒழுங்கை திரும்பியதும் உள்ளே போய் அடுத்த பாலுக்குப் போச்சியைக் கழுவினேன். கனடாவில் இருக்கும் என் அக்கா, "உடனை நிப்பாட்டினால் பிள்ளை ஏங்கிப் போகுமடா" என்று வாட்ஸ்அப்பில் சொன்னது எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

அடுத்த கிழமை கோயில் திருவிழாவுக்காக, அனலைதீவில் இருக்கும் மச்சாள், அதாவது என் மனைவியின் தமக்கை வீட்டில், மூன்று நாள் தங்கப் புறப்பட்டோம். எங்கள் ஊரான சுருவிலில் இருந்து மோட்டார்சைக்கிளில் இறங்குதுறைக்கு வந்து, போச்சிப் பையில் உப்புத்தண்ணீர் தெறிக்கக் கூடாது, அதைக் கடைசியாக ஏற்றலாம் என்று மோட்டார்சைக்கிளின் கைபிடியில் கொழுவிவிட்டு, மற்றப் பைகளை ஒவ்வொன்றாகப் படகுக்குக் கைமாற்றி, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். துறை சின்னப் பொட்டாகத் தெரிந்த நேரத்தில்தான் கைபிடி நினைவுக்கு வந்தது.

"தம்பி, படகைத் திருப்பேலாதோ? போச்சி கரையிலை நிக்குது."

படகோட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போச்சி பிள்ளைக்கோ, உங்களுக்கோ அண்ணை?"

படகு முழுக்கச் சிரித்தது. என் மனைவி என்னைத் தெரியாதவள்போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனலைதீவில் இறங்கியதும் இரண்டு கடைகளில் கேட்டேன். பால்மா இருந்தது, போச்சி இல்லை. மச்சாள் வீட்டு முற்றத்தில் ஆரணி தன் பெரியம்மாவின் மகளோடு மண்ணில் சோறு சமைத்துக்கொண்டிருக்க, பிள்ளை ஏங்கிவிடுவாளோ என்ற பயத்தில் நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து, "போச்சி வேணுமோ குஞ்சு?" என்று கேட்டேன். மூன்று தடவை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான்காம் தடவை யோசித்தாள். உதடு பிதுங்கியது. "போச்சி..." என்று தொடங்கிய அழுகை அயல்வீடு வரைக்கும் கேட்டது.

மச்சாள் குசினிக்குள் இருந்து அகப்பையோடு வந்தார். "அவள் மறந்துபோய் விளையாடினவள். நீங்கள்தான் மச்சான் இன்னும் பால்குடி மறக்கேல்லை. கொஞ்ச நேரம் வெளியிலை போய் நில்லுங்கோ."

போனேன். படலைக்கு வெளியே நின்று வேலியிடுக்கால் பார்த்தேன். மச்சாள் அவளைத் தேற்றவுமில்லை, கெஞ்சவுமில்லை. இரண்டு பேணிகளில் பாலை ஊற்றி, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பெரியவள் எடுத்துக் குடித்தாள். ஆரணி விம்மலை நடுவில் நிறுத்தி அவளைப் பார்த்தாள். பிறகு தன் பேணியை இரண்டு கையாலும் தூக்கினாள். பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது. மீதியைக் குடித்துவிட்டு, "இன்னும்" என்றாள்.

ஆரணிக்கு இப்போது பதினொரு வயது. குசினியில் அந்த மணம் இல்லை, கறுத்த பால்பற்களும் விழுந்து புதுப்பற்கள் முளைத்துவிட்டன. போச்சி குடிக்கும் வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: நிறுத்துகிற நாளிலிருந்து போச்சியின் பேரையே எடுக்காதீர்கள், மற்றப் பிள்ளைகளோடு இருத்திப் பேணியை முன்னால் வைத்துவிட்டு எழும்பிப் போங்கள். அனலைதீவில் இருந்த மூன்று நாளும் ஆரணி போச்சி கேட்டு அழுதது ஒரே ஒரு தடவை. அதுவும் நான் கேட்டதால்.