அண்ணி அணியை மாற்றிய கதை

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, மாரியம்மன் கோயிலைத் தாண்டினால் ஒரு பாறை இருக்கிறது. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்களுக்குப் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், அந்தப் பாறையில் உட்கார்ந்து போன் விளையாட்டில் அண்ணி தோற்ற சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுற்றி நின்றவர்கள் எங்கள் இளைஞர் கழகத்துப் பையன்கள். "பூண்டுலோயாவுல பெரிய ராணியாம்ல" என்று ஒருவன் கேட்டான். அண்ணி போனைத் துடைத்து, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்க மூஞ்சிக்கு ஒரு பொம்பளகிட்ட ஜெயிச்சதே பெரிசு, போங்கடா" என்று கத்திவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். கல்யாணமாகிச் சில நாட்களிலேயே அவன் லீவு முடிந்து போய்விட, அண்ணி எங்களோடு தங்கி மலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். அவர் பிறந்தது பூண்டுலோயாவில். அம்மா இல்லாத வீட்டில் அவரும் ஒரு தம்பியும் அப்பாவும் மட்டும். புது இடம், புது மனிதர்கள். அதிகம் பேசவும் மாட்டார். அவருக்கென்று இருந்தது அந்தப் போனும், அதற்குள் இருந்த ஆறு ஜந்துக்களும்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தீ கக்கும், தண்ணீர் பீய்ச்சும், மண்ணுக்குள் புதையும் கற்பனை ஜந்துக்களைப் பிடித்து வளர்க்க வேண்டும். அவற்றில் ஆறைத் தேர்ந்து ஓர் அணி. எதிராளிக்கும் ஆறு. ஒன்றை இறக்கி மோதவிட்டு, அது களைத்தால் உள்ளே இழுத்து, வேறொன்றை இறக்கி, எதிராளியின் ஆறும் விழும்வரை ஆடலாம். அண்ணியின் ஆறில் முதலாவது, எதிரியைக் கவ்விக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உயிரை உறிஞ்சும் ஒன்று. அதற்கு விளையாட்டில் வாயில் நுழையாத பெயர். அண்ணி 'அட்டை' என்றுதான் கூப்பிடுவார். மழைக்காலத்தில் மலைக்குப் போகிற யாருக்கும் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. அட்டை கவ்வியதும் மற்ற ஐந்தும் மாறி மாறி வந்து அடி வாங்கித் தாங்கிக்கொண்டு நிற்கும். எதிராளி ஆத்திரப்பட்டுப் பாய்ந்து பாய்ந்து கடைசியில் இரத்தமில்லாமல் விழுவான். பொறுமைசாலிகளுக்கான ஆட்டம் அது. அண்ணி அப்படிப்பட்டவர்தான்.

ஆனால் அந்த ஆட்டத்துக்குக் காலம் முடிந்துவிட்டது என்பது அண்ணிக்குத் தெரியாது. அவர் பிறந்த தோட்டத்தில் யாரும் விளையாட்டை நெட்டில் இறக்குவதில்லை. யாரோ எப்போதோ டவுனில் இறக்கியதைப் போனிலிருந்து போனுக்கு மாற்றி, மொத்தத் தோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்தது. விளையாட்டைச் செய்தவர்கள் அதற்குள் எத்தனையோ முறை அதைத் திருத்திவிட்டார்கள். உறிஞ்சும் சக்தியைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். வேகமாகப் பாயும் புது ஜந்துக்களை விட்டிருந்தார்கள். பூண்டுலோயாவில் அதெல்லாம் நடக்கவே இல்லை. அங்கே அட்டைதான் இன்னும் ராஜா. எங்கள் பையன்களோடு மோதுவதற்காகப் பாறையில் உட்கார்ந்து புதிய பதிப்பை இறக்கிய பிறகுதான் அண்ணிக்கு உலகம் மாறியிருப்பது தெரிந்தது.

ஒரு வாரம் போனைத் தொடாமல் இருந்தார். "தொலஞ்சுது சனியன்" என்று அம்மாகூடச் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏன் புள்ள, நம்மள தோக்கடிச்சது எது எதுன்னு நீ கவனிச்சியா?" கவனித்திருந்தேன். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை. அண்ணி யாரிடமும் போய் எந்த ஜந்து நல்லது என்று கேட்கவில்லை. தோற்றுத் தோற்றே படித்தார். எந்த அடியில் தன் ஜந்து விழுந்ததோ, அந்த அடியைத் தாங்கக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடித்து வளர்த்தார். கல்லால் ஆன பழைய காவல்காரன் முதலில் போனது. பிறகு பனி பொழிவது. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அண்ணி முகம் சுருங்கும். "இது தம்பி புடிச்சுக் குடுத்தது" என்பார். "இதுக்கு நாங்க ரெண்டு பேரும் தீபாவளி அன்னிக்கு சண்ட போட்டோம்" என்பார். நான், "அண்ணி, போனுக்குள்ள பத்திரமாத்தான இருக்கு, அழிச்சா போச்சு?" என்று அதட்டுவேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் விளங்கியது.

புதிய அணியை அவர் ஆடவைத்த விதம் எங்கள் பையன்களுக்குப் புரியவேயில்லை. மலையில் பெண்கள் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது ஒருத்தி பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரி கையை நீட்டி அவளுடையதையும் இரண்டு பிடி கிள்ளிக்கொண்டே போவாள். யாரும் தனியாகப் பின்னால் நிற்காமல் வரிசை மேலே ஏறும். அண்ணி அப்படித்தான் ஆடினார். ஒரு ஜந்து தளருமுன்னே அடுத்தது வந்துவிடும். தளர்ந்தது உள்ளே போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வரும். வேகமான ஜந்துக்களை வைத்துக்கொண்டு பொறுமையாக ஆடுகிறவரைப் பையன்கள் எங்கே பார்த்தார்கள்? ஒவ்வொருவனாகத் தோற்றான். இத்தனைக்கும் ஐந்தைத்தான் அண்ணி மாற்றியிருந்தார். அட்டையை மட்டும் எடுக்கவில்லை. "இருந்துட்டுப் போவட்டும்" என்றுவிட்டார்.

ஹட்டனில் தோட்டத்துக்கு ஒருவர் என்று போட்டி வைத்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு அண்ணிதான் என்பதில் யாருக்கும் மறுபேச்சில்லை. சீட்டுக் குலுக்கிய செய்தி வரும்வரை. முதல் சுற்றிலேயே எங்களுக்கு எதிரே விழுந்தது பூண்டுலோயா. அவர்களுக்கு ஆடப்போவது அண்ணியின் தம்பி.

கழகத் தலைவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், நல்ல மனிதர், ஆனால் வாய் நிற்காது. எங்கள் வாசலில் நின்றுகொண்டே, "பொறந்த வூட்ட எதுத்து அவங்க மனசார ஆடுவாங்களா? தம்பிய பாத்ததும் எளகிட்டாங்கன்னா நம்ம தோட்டத்து மானம் போயிரும்" என்றார். உள்ளே அண்ணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். காதில் விழாமல் இருக்குமா? அம்மாதான் வெளியே வந்து, "எங்க வூட்டு மருமக அவ. நம்ப முடியாதுன்னா நீ போய் ஆடு" என்று ஒரு போடு போட்டார். அதுவரை அம்மா அந்த விளையாட்டைப் பேய் பிசாசு என்றே திட்டிவந்தார். அண்ணி மாவுக் கையோடு எழுந்து வந்தார். "நான் எளக மாட்டேங்க. அட்டையையும் எடுத்துர்றேன். தம்பிக்கு அது மனப்பாடம்" என்றார். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. வந்து இத்தனை மாதமாகியும் தான் இந்த வீட்டுக்காரியா, பூண்டுலோயாக்காரியா என்று இன்னும் ஊர் கேட்கிறதே என்ற வேதனை அவருக்கு. அதற்கு அவரிடம் இருந்த ஒரே பதில் அந்த ஆட்டம்தான்.

ஹட்டன் மண்டபத்தில் எல்லாரும் புதிய பதிப்பில்தான் ஆட வேண்டும் என்றார்கள். வைஃபை கொடுத்தார்கள். தம்பி அங்கேதான் முதன்முதலாகத் தன் போனில் அதை இறக்கினார். அண்ணியின் அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பி ஆட்டோ ஓட்டுகிறவர், நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை. அக்காவைப் பார்த்ததும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். "மெலிஞ்சிட்டியேக்கா, அங்க சோறு போடுறாங்களா?" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "நாங்க போடுறோம், அவங்கதான் திங்க மாட்டேங்குறாங்க" என்றேன் நான்.

ஆட்டம் தொடங்கியது. தம்பி இறக்கிய முதல் ஜந்து அட்டை.

பின்னால் நின்ற பையன்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். இந்தக் காலத்தில் இதை யாராவது இறக்குவார்களா? அண்ணியின் விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. அட்டை பாய்ந்து வந்து கவ்வியது. அண்ணியின் ஜந்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. தம்பி திரையைத் தட்டிப் பார்த்தார். மறுபடி கவ்வவிட்டார். "என்னாக்கா இது, கடிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டார். போட்டியில் எதிரே இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? வீட்டில் கேட்பதுபோலவே கேட்டார்.

"மாத்திட்டாங்கடா. ஒனக்கு யாரும் சொல்லலியா?" என்றார் அண்ணி, போனை மடியில் தாழ்த்திக்கொண்டு. கழகத் தலைவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் பயந்தது இதற்குத்தான். ஆனால் அண்ணி போனைத் தூக்கி ஆடினார். கையைத் தளர்த்தவும் இல்லை, தம்பியை வேண்டுமென்று இழுத்தடிக்கவும் இல்லை. அட்டை விழுந்தது. பின்னால் வந்தது கல்லால் ஆன காவல்காரன், அதன் பின் பனி பொழிவது. அண்ணி எங்கள் வீட்டில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்த அதே ஆறு, அவர் முன்பு இறக்கிய வரிசையிலேயே வந்தன. தான் கட்டிய அணியைத் தானே ஒவ்வொன்றாக வீழ்த்தி முடித்தபோது எங்கள் பையன்கள் கூரை அதிரக் கத்தினார்கள். அண்ணி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சுற்றில் நுவரெலியாப் பையன் ஒருவனிடம் தோற்றோம். யாரும் வருத்தப்படவில்லை. வேனில் எல்லாரும் ஏறிவிட்டோம், அண்ணியைத் தவிர. மண்டபத்துப் படியில் தம்பியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, எதை எடுக்க வேண்டும், எதை வளர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹோர்ன் அடித்தார். "சும்மா இருங்கண்ண, எங்க அண்ணி பேசிட்டு வரட்டும்" என்று கழகத் தலைவர் சத்தம் போட்டார். நான் கூப்பிடப் போனேன். அணியில் ஐந்து இடங்களுக்கும் பேசி முடித்திருந்தார்கள். தம்பி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி அட்டையின் மேல் விரலை வைத்தபோது மட்டும் தம்பி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இத எடுக்க மாட்டேன்."

"இத வச்சிக்கிட்டு யார்கிட்டயும் ஜெயிக்க முடியாதுடா. தோத்துக்கிட்டே இருப்ப."

"தோத்தா தோத்துட்டுப் போறேன். நீ வூட்டுக்கு வந்தா வெளையாட ஒனக்கு ஒன்னு வேணாமா?"

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? இப்போது அண்ணனும் அண்ணியும் பிள்ளையோடு கொழும்பில் இருக்கிறார்கள். விளையாட்டை இன்னும் எத்தனையோ முறை மாற்றிவிட்டார்கள். நான் தம்பியோடு எப்போதாவது மோதுவதுண்டு. ஐந்து ஜந்துக்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும். ஆறாவதாக அட்டை வந்து, கவ்வி, ஒன்றும் ஆகாமல் விழும். நல்ல நாள் பெரிய நாளுக்கு அண்ணி பூண்டுலோயாவுக்குப் போனால், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி போனை நீட்டிவிடுகிறாராம்.