சக்கரம் வைத்த வீட்டில் சம்பந்தம்

எங்கள் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் போதும், வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் தையல் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய ஜப்பான் பஸ் அவருடையது. தொழிற்சாலையை மூடியதும் அவரோடு ஓட்டியவர்களெல்லாம் பஸ்ஸை விற்றுவிட்டார்கள். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே கட்டில் அடித்தார். கேஸ் அடுப்பு வைத்தார், கை கழுவத் தொட்டி வைத்தார், ஜன்னலுக்கெல்லாம் பூப்போட்ட திரை மாட்டினார். வெளிநாட்டில் குடும்பம் குடும்பமாக இப்படி வண்டியிலேயே போய்க் காட்டில் தங்குகிறார்களாம், செல்போனில் பார்த்தாராம்.

"உங்களுக்கு என்ன பைத்தியம் பிடிச்சிருச்சாண்ணே?" என்று விழுந்து விழுந்து சிரித்தவள் நான்தான். என் கல்யாணமே அந்த பஸ்ஸுக்குள் முடிவாகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவரையும் பார்த்துச் சிரித்திருப்பேன்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. போட்டாதாங்கில் படகுத்துறைக்கு எதிரே ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. நான் கட்டிக்க ஆசைப்பட்டவருக்குப் பக்கத்துக் கிடங்கில் வேலை. இரண்டு வருஷமாக ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். எனக்கு வாய் நீளம், அவருக்கு வாயே கிடையாது. டீ ஆறிப்போயிருந்தால்கூட வேறு கேட்காமல் அப்படியே குடித்துவிட்டு எழுந்துவிடுகிற மனுஷன். "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டதும் நான்தான். தலையை ஆட்டினார். அதற்கே எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நடுவில் நின்றது அவருடைய அம்மா. அந்தம்மாவைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் கோயிலில் இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டால், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும். இந்தக் காலத்து ரங்கூனில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அந்தம்மா பார்த்தார். எத்தனையோ வீடுகளில் கேசரியையும் வடையையும் அப்படி அப்படியே வைத்துவிட்டு எழுந்தவர் அவர்.

"அம்மா சரின்னு சொல்லாம என்னால முடியாது. வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்றார் இவர்.

"அப்ப நான் என்ன, துறையில கட்டிப்போட்ட படகா?" என்று கத்தினேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அது வெயில் காலம். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு மாடியில் மனிதன் உட்கார முடியாது, வெந்துவிடுவான். "இங்க கூப்பிட்டா அந்தம்மா கோவத்துலயே எந்திரிச்சுப் போயிரும். நம்ம பஸ்ஸுல ஆத்தோரப் பூங்காவுக்குப் போவோம், அங்க வரச் சொல்லுவோம்" என்றார் அண்ணன். ஊருக்கு வடக்கே மிங்கலாடோனையும் தாண்டிப் போனால் தேக்கும் மூங்கிலுமாக ஒரு அரசாங்கப் பூங்கா, அதை ஒட்டியே ஆறு. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அந்தம்மா உடனே சரி என்று சொல்லியனுப்பினார். கூடவே ஒரு வார்த்தை: "பூங்கான்னா பொது இடம்தானே, யார் வீடும் இல்லையே. சாப்பாடு நாங்களே கொண்டு வந்துருவோம்."

சாப்பாட்டைக் கொண்டு வந்துவிட்டால் எங்களிடம் கை நனைக்கவே வேண்டாமே! அண்ணி மட்டும் அசரவில்லை. "கொண்டு வரட்டும். என் கோழிக் குழம்பு வாசனையத் தாண்டி எவ போவா, பாத்துருவோம்" என்றார்.

முந்தின நாளே கிளம்பினோம். புது வண்டி மாதிரி ஆகிவிட்டதாம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார் அண்ணன். போகிற வழியில் பெரிய ஆலமரத்தில் குடியிருக்கும் நாட் என்கிற காவல் சாமிக்கு முன்னால், பர்மாக்காரர்கள் செய்வதுபோல, பஸ்ஸை முன்னும் பின்னுமாக மூன்று முறை நகர்த்தி வணங்க வைத்தார். உள்ளே அடுக்கி வைத்த பாத்திரமெல்லாம் கடகடவென்று உருண்டன. ஆற்றங்கரையில் மர நிழலில் நிறுத்தியதும் அடுத்த உத்தரவு: "பாலக் காய்ச்சுங்க."

"இது வண்டிண்ணே! புது வீட்டுக்குத்தான் பால் காய்ச்சுவாங்க."

"படுக்கப் போறோம், சமைக்கப் போறோம், வீடில்லாம என்ன? சாமிக்குக் குழப்பம் வரக்கூடாது. ரெண்டையும் செஞ்சிருவோம்."

அண்ணி பால் வைத்தார். பொங்கிச் 'சுர்'ரென்று அடுப்பில் வழிந்தது. மூன்று பேரும் கைதட்டினோம். அன்று சாயங்காலம் ஆற்றில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அத்தோ நூடுல்ஸ் தின்றது, அண்ணனும் அண்ணியும் யார் மேல் கட்டிலில் படுப்பது என்று சண்டை போட்டது, பஸ்ஸின் கூரைமேல் விழுந்த தேக்கு இலைச் சத்தத்துக்கெல்லாம் நான் கெக்கேபிக்கே என்று சிரித்தது... சந்தோஷமென்றால் அப்படி ஒரு சந்தோஷம். கட்டிலில் இருந்தபடியே ஆறு தெரிகிற வீட்டில் நான் இருந்ததே இல்லை.

மறுநாள் காலை டாக்சியில் வந்து இறங்கினார்கள். டாக்சி சாயங்காலம்தான் திரும்பி வரும். பட்டுச் சேலையில் அந்தம்மா, கையில் கெட்டியாகப் பிடித்த டிபன் கேரியர். பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் இவர். என்னைப் பார்க்கக்கூட இல்லை, பக்கத்து மரத்தைப் பார்த்தார். நான் கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் வழிவது எனக்கே தெரிந்தது.

கேரியரை ஒரு கல்மேல் வைத்துவிட்டு அந்தம்மா ஆற்றைப் பார்க்கத் திரும்பியதுதான் தாமதம், தொப்பென்று ஒரு குரங்கு குதித்தது. கேரியரைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது! "அடேய்! அடேய்!" என்று அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். மேலே இருந்து புளிச்சோறு மழையாகப் பெய்தது. அப்பளம் ஒன்று இவர் தோளில் வந்து உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஏறியது. அண்ணியின் குழம்பு கொதித்தது. அந்தம்மா மரத்தடியில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "வெயிலு தாங்கல" என்று பஸ்ஸுக்குள் ஏறினார். கட்டிலைப் பார்த்தார், திரையைத் தொட்டார், அடுப்பைப் பார்த்தார். சட்டென்று இறங்கிப் போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டயர் இடுக்கில் எலுமிச்சைத் தோல் ஒட்டியிருந்தது.

"எலுமிச்சம்பழம் வச்சிருக்கீங்க. அப்ப இது வண்டிதான். வண்டியில சாப்பிட்டா வழிச் சாப்பாடு, அதுல ஒண்ணுமில்ல. தட்டப் போடும்மா" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அண்ணி கண்ணாலேயே அடக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினேன். சோறு, குழம்பு, வறுத்த இறால்பொடி பலாச்சாங், ரசம். அந்தம்மா ரசித்து ரசித்துச் சாப்பிட்டார். எலும்பைக்கூட விடவில்லை. இவர் வாசற்படியிலேயே நின்றார். "நீங்களும் உக்காருங்க" என்று அண்ணன் கூப்பிட்டார்.

"எனக்குப் பசிக்கல" என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் வயிறு உறுமியது எல்லோருக்கும் கேட்டது. எனக்குப் புரிந்தது. வழிச் சாப்பாடாகச் சாப்பிட அவருக்கு மனசில்லை.

அந்தம்மா நிதானமாக விரலை நக்கினார். "குழம்பு நல்லாருக்கு. சம்பந்தத்தப் பத்தி வீட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்."

"அத்தை!" என்று கத்திவிட்டேன். யார் அத்தை, எப்போது அத்தை ஆனார், எதுவும் யோசிக்கவில்லை. "வண்டின்னு சொல்லிட்டு மூக்குமுட்டச் சாப்பிட்டு எந்திரிச்சா என்ன நியாயம்? எங்கண்ணன் நேத்து இங்க பால் காய்ச்சிருக்காரு. பால் காய்ச்சினா அது வீடு! நீங்க எங்க வீட்டுலதான் கை நனைச்சிருக்கீங்க!"

அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போச்சு, என் வாயாலேயே கெட்டேன் என்று நினைத்தேன்.

அந்தம்மா அண்ணன் வைத்த தொட்டியில் கையைக் கழுவினார். திரையிலேயே துடைத்தார்.

"பால் பொங்கி வழிஞ்ச தடம் அடுப்புல அப்படியே காஞ்சு கெடக்கு. ஏறின உடனே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் தட்டப் போடச் சொன்னேன்."

"அப்ப ஏன் வண்டின்னு..."

"இவன் வாயத் தெறந்து எதையும் கேக்க மாட்டான். சின்னதுலேருந்தே அப்படி. கட்டிக்க வர்றவளாவது கேக்கிறாளான்னு பாத்தேன். நல்லாவே கேக்குற." வாசற்படியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "டேய், உள்ள வா. உன் பொண்டாட்டி வீட்டுல வந்து சாப்பிடு."

அண்ணன் ஓடிப்போய் முன்னிருக்கையில் ஏறி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மரத்திலிருந்த குரங்கெல்லாம் சிதறி ஓடின. அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். நான் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

இவர் உள்ளே வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போட்டதையெல்லாம் தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டு காலியானதும் சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.