அண்ணன் வீட்டுக் கோடி

என் தாய்மாமா மலேசியாவில் ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு ஆறு முறை ஜெயித்தவர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அவருக்கு 'மலேசியா எம்.எல்.ஏ.' என்று பெயர். சொந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வின் பெயரைக் கேட்டால் யோசிக்கிறவர்கள்கூட மாமாவின் வரலாற்றைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எல்லாம் அம்மா செய்த பிரச்சாரம். சம்பளமில்லாத கட்சிக்காரி என்று நான் கேலி செய்வேன்.

தாத்தா அங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். வேலை போய் ஊர் திரும்பியபோது மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துவந்தார். மகன் படிப்பு கெட வேண்டாம் என்று அவனைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டார். கப்பல் ஏறும்போது, நீ எப்போது கூப்பிட்டாலும் வந்து நிற்பேன் என்று மாமா தங்கையிடம் சொன்னாராம். அம்மா அதைக் கடைசிவரை நம்பினாள்.

மாமா அங்கே தொழிற்சங்கத்தில் எழுத்தராகத் தொடங்கி, கட்சிக்குள் போய், ஆட்களின் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்தவர். வெள்ளம் வந்தால் முழங்கால் தண்ணீரில் நிற்பார். தமிழ்ப்பள்ளிக் கூரைக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். எல்லாவற்றுக்கும் மேலே, சாவு வீடு. தொகுதியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மாமா அங்கே இருப்பார். மாலை போட்டுவிட்டு ஓடுகிற ஆளில்லை. பந்தல் போடுவதிலிருந்து பாடைக்குத் தோள் கொடுப்பது வரை கூடவே நிற்பார். அந்தப் படங்கள் அம்மாவின் போனுக்கு வரும். காலைக் காபியோடு யார் யாரோ செத்துப்போனதைப் பார்த்து அம்மா பூரிப்பாள்.

அப்பா இறந்தபோது மாமா பதினாறாம் நாளுக்குத்தான் வந்தார். அங்கே சட்டசபை நடந்துகொண்டிருந்ததாம். அம்மாவுக்கு வருத்தமே இல்லை. என்னிடம் ஒன்று மட்டும் கேட்டுவாங்கிக்கொண்டாள்.

"எனக்குக் கோடி எங்க அண்ணன் கையாலதான் போடணும். அவங்க வராம என்னைத் தூக்கிடாதீங்க."

எங்கள் பக்கத்தில் பெண் இறந்தால் பிறந்த வீட்டார் புதுப்புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதைத்தான் கோடி என்போம். குளிப்பாட்டிய பிறகு அந்தப் புடவை மேலே விழுந்தால்தான் அவள் நாதியற்றவள் இல்லை என்று அர்த்தம். நான் சரி என்றேன். மாமாவிடமும் போனில் சொன்னேன். வராமல் இருப்பேனா என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அம்மா ஒரு பங்குனி மாதம், வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டாள். மலேசியாவில் தேர்தலுக்காகச் சட்டமன்றத்தைக் கலைத்திருந்தார்கள். வேட்பாளர் பட்டியல் இன்றோ நாளையோ என்ற நிலை. விஷயத்தைச் சொன்னதும் மாமா விம்மி அழுதார். அடுத்த விமானத்தில் வருகிறேன் என்றார். ஐஸ் பெட்டி எடுத்து அம்மாவைக் கூடத்தில் வைத்தோம்.

ஒரு நாள் போனது. டிக்கெட் கிடைக்கவில்லை, நாளைக்கு நிச்சயம் என்றார். இரண்டாம் நாள் மத்தியானமும் வரவில்லை. பிணம் கிடக்கும்வரை தெருக் கோயிலில் விளக்கேற்ற மாட்டார்கள். எத்தனை நேரம்தான் ஊர் பொறுக்கும்? பெரியவர்கள் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். நான்கு மணிக்கு மாமா கூப்பிட்டார். தூக்கிவிடுங்கள் என்றார்.

நான் அழுதுகொண்டே சொன்னேன்: "உங்க தொகுதியில செத்திருந்தா வந்திருப்பீங்க மாமா."

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டேன்.

திருப்பனந்தாள் பக்கம் இருந்து அம்மாவின் பங்காளி முறையில் ஒருவர் வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர் வழியில் கும்பகோணத்தில் ஒரு நூல் புடவை வாங்கி வந்திருந்தார். அதைத்தான் போர்த்தினோம். நான் குனிந்து அம்மாவின் காதில், "உன் அண்ணன் கொண்டாந்ததும்மா" என்றேன். செத்தவளிடம் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு மாமாவோடு நான் பேசவில்லை. பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று யாரோ சொன்னார்கள். வயதாகிவிட்டது, இளைஞருக்கு வழி விடுங்கள் என்று கட்சி சொல்லிவிட்டதாம். நல்லா வேணும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு காலை டவுன் பஸ்ஸிலிருந்து மாமா தனியாக இறங்கி வந்தார். முன்பெல்லாம் இரண்டு காரில் ஆட்களோடு வருவார், பள்ளிக்கூடத்தில் மாலை போடுவார்கள். இப்போது கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. வாங்க மாமா என்றேன். அவ்வளவுதான் வந்தது. அம்மா படத்தின் முன்னால் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்தார். அரக்கு நிறம். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"டிக்கெட் கிடைச்சுதும்மா. ஏர்போர்ட் வரைக்கும் போனேன். சாயங்காலம் பட்டியல் வருது, இப்பப் போனா பேரை எடுத்துடுவாங்கன்னு ஒருத்தர் போன் பண்ணாரு. திரும்பிட்டேன்."

நான் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைத் தூண்டிவிட்டேன்.

"கோடி யாரு போட்டா?"

பங்காளியைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா நீங்க கொண்டாந்ததா அம்மா காதுல சொல்லித்தான் போட்டேன்" என்றேன். தண்டிக்கத்தான் சொன்னேனா, ஆறுதலுக்கா என்று எனக்கே தெரியாது. எத்தனையோ சாவு வீடுகளில் அடுத்தவரைத் தேற்றிய அந்த மனிதர் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். எழுந்து போய்த் தோளைத் தொட எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் கிளம்பும்போது, அம்மாவை எரித்த ஆற்றங்கரையில் புடவையைப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார். வேண்டாம், என்னிடம் கொடுங்கள் என்றேன். கோடிக்கு வாங்கியதை உயிரோடு இருப்பவர்கள் கட்டக் கூடாதும்மா என்றார்.

"கட்ட மாட்டேன் மாமா. எனக்கு அண்ணன் தம்பி கிடையாதுல்ல."

அவர் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். புடவை பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. மகளிடம் இடத்தைக் காட்டிவிட்டேன். நான் போகிற அன்றைக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.